நாரி முறிவும் சீமெந்து ஊசியும்: காசு கட்ட முன் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பின் படுவான்கரை வீதியில் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தா என் அம்மா. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது நாரியில் (கீழ் முதுகில்) ஏதோ "டக்" என்றதாம். விழவும் இல்லை, எங்கும் இடிபடவும் இல்லை. அப்போது அவவுக்கு 71 வயது. மூன்றாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் நாரிப் பகுதியின் முதலாவது முள்ளென்பு முன்பக்கமாக நசிந்து, ஆப்புப் போல இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு தனியார் இடத்தில், "உடனே சீமெந்து வைக்க வேணும், அடுத்த கிழமை எண்டால் பிந்திப் போகும்" என்றார்கள். நசிந்த முள்ளென்புக்குள் ஊசியால் என்புச் சீமெந்து ஏற்றும் சிகிச்சை அது. அவர்கள் சொன்ன தொகை எங்கள் வயலில் இரண்டு போகம் நெல் விற்ற காசையும் தாண்டியது. என்பு முறிவு வாட்டில் பல வருஷம் வேலை செய்த தாதி நான். அப்படியிருந்தும் அன்று எனக்குக் கை நடுங்கியது.

வாகரையிலிருந்து பொத்துவில் வரை, அம்மாவின் கதை கேள்விப்பட்டவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வைத்தியரிடம் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய கேள்விகளாக இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

விழாமலே முள்ளந்தண்டு முறியுமா?

முறியும். உக்கிப்போன மரக்கட்டைக்குக் கோடரி தேவையில்லை, காலால் மிதித்தாலே போதும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், 70 வயது தாண்டிய ஆண்களுக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நெடுநாள் பிரெட்னிசலோன் குளிசை எடுத்தவர்களுக்கும் என்பின் உள்வலை மெலிந்து ஓட்டை விழுந்துபோகலாம். கிளினிக் கொப்பியில் இதை ஒஸ்டியோபோரோசிஸ் என்று எழுதுவார்கள். அந்த நிலைக்கு வந்த முள்ளென்பு, பஸ்ஸின் கடைசிச் சீற்றில் ஒரு குலுக்கலுக்கும், கிணற்றடியில் ஒரு வாளியைக் குனிந்து தூக்குவதற்கும், சிலருக்கு ஒரு பலத்த இருமலுக்கும் நசியும். மார்புப் பகுதி முடிந்து நாரி தொடங்கும் இடத்தில்தான் இது கூடுதலாக நடக்கும்.

இப்படியான முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியரின் கண்ணுக்கே வருவதில்லை. "வயசு போச்சு, கூன் விழுது" என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கூனுக்குப் பல நேரம் முறிவும் ஒரு காரணம்.

நாரிப்பிடிப்பா முறிவா எண்டு வீட்டிலயே தெரியுமா?

சந்தேகப்படலாம், ஆனால் தீர்மானிக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட அசைவில் திடீரெனத் தொடங்கிய நோ, படுத்தால் தணிந்து எழும்பினால் கொல்லும் நோ, நடு முதுகில் ஒரு இடத்தில் தட்டினால் துடிக்கும் நோ என்றால் எக்ஸ்ரே எடுங்கள். முந்தி இருந்த உயரத்தை விட 4 சென்ரிமீற்றர் அளவு குறைந்திருந்தாலும் எடுங்கள்.

எக்ஸ்ரே முறிவைக் காட்டும். ஆனால் அது போன கிழமை முறிந்ததா பத்து வருஷத்துக்கு முன் முறிந்ததா என்று அதில் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ வேண்டும். புதிய முறிவில் என்புக்குள் நீர் கோத்திருக்கும், படத்தில் அந்த இடம் வெள்ளையாய்ப் பளிச்சிடும். ஆறிய முறிவில் அந்த வெள்ளை இராது. சீமெந்துக் கதை முழுவதும் இந்த வெள்ளையில்தான் தொங்குகிறது. எம்.ஆர்.ஐ பார்க்காமல் "வைப்போம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

எப்ப ஒரு நிமிஷமும் சுணங்கக் கூடாது?

கால் பலம் குறைந்தால், சலம் போகாமல் நின்றால் அல்லது அறியாமல் போனால், இருக்கும் இடம் மரத்துப் போனால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடியுங்கள். அது இலவசம். காய்ச்சலோடு முதுகு நோ, இரவில் படுத்தாலும் விடாத நோ, காரணமில்லாத மெலிவு, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்த ஆள் என்றாலும் அன்றே காட்டுங்கள். காசநோயும் புற்றுநோயும் இதே என்பைத்தான் தின்னும்.

சீமெந்து ஊசி எண்டா என்ன? பலூன் எண்டு வேற ஒண்டும் சொல்றாங்களே?

ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, அந்த இடத்தை விறைக்க வைத்து, நேரடி எக்ஸ்ரேயைப் பார்த்தபடி முதுகுத் தோல் வழியாக ஒரு தடித்த ஊசியை நசிந்த முள்ளென்புக்குள் செலுத்துவார்கள். பிறகு பற்பசை போலக் குழைத்த என்புச் சீமெந்தைச் சில மில்லிலீற்றர் உள்ளே விடுவார்கள். அது வீடு கட்டும் சீமெந்து அல்ல, பொலிமெதைல் மெதாக்ரிலேற் என்ற பிளாஸ்ரிக் வகை. இடுப்பு மாற்றும் சத்திரசிகிச்சையிலும் இதைத்தான் பாவிக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் கலந்திருப்பார்கள். சில நிமிஷத்தில் இறுகிவிடும். இதன் பெயர் வெர்டிபுரோபிளாஸ்ரி.

பலூன் முறையில் முதலில் சின்னப் பலூனை உள்ளே ஊதி, நசிந்த என்பைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு குழி செய்து, பலூனை எடுத்துவிட்டு அந்தக் குழியில் சீமெந்தை விடுவார்கள். அது கைபோபிளாஸ்ரி. பெரும்பாலும் ஒரு என்புக்கு இரண்டு பலூன், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ஒருவருக்குப் பாவித்ததை அடுத்தவருக்குப் பாவிக்க முடியாது. இரண்டு முறையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த ஆய்வுகளில் நோ குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம்.

இது எப்ப தொடங்கி எப்பிடிப் பரவினது?

1984இல் பிரான்சின் அமியான் நகரத்தில், கழுத்து முள்ளென்பில் இரத்தக்குழாய்க் கட்டி இருந்த ஒரு நோயாளிக்கு காலிபேர், டெறமோன் என்ற வைத்தியர்கள் முதன்முதல் சீமெந்து ஏற்றினார்கள். 1987இல் அதைப் பற்றி எழுதினார்கள். உக்கிய என்புக்காகத் தொடங்கிய முறையே அல்ல இது. 1990களில் அமெரிக்காவுக்குப் போனது. பலூன் முறை 1998இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த மார்க் ரெய்லி என்ற என்பு வைத்தியரின் யோசனையில் வந்தது.

பிறகு காட்டுத்தீ. அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டம் மெடிகெயர். அதில் உள்ள ஒரு இலட்சம் பேருக்கு 2001இல் 45 வெர்டிபுரோபிளாஸ்ரி செய்தார்கள். 2005இல் அது ஏறத்தாழ 87. நாலே வருஷத்தில் இரட்டிப்பு. இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்று உண்டு. அந்த நாலு வருஷமும், போலிச் சிகிச்சையோடு (சீமெந்து ஏற்றாமல் ஏற்றுவது போலப் பாசாங்கு செய்வது) ஒப்பிட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு கூட இருக்கவில்லை. செய்தவர்கள் "நோயாளி எழும்பி நடந்தார்" என்றார்கள். நடந்தது உண்மை. சீமெந்தால்தான் நடந்தாரா என்பதை யாரும் பார்க்கவில்லை.

2009இல என்ன நடந்தது?

அந்த ஆகஸ்டில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கால்ம்ஸ் நடத்தியது, 131 நோயாளிகள். மற்றது அவுஸ்திரேலியாவின் றேச்சல் புக்பைண்டர் நடத்தியது, 78 பேர். பாதிப் பேருக்கு உண்மைச் சீமெந்து, பாதிப் பேருக்குப் பாசாங்கு. அமெரிக்க ஆய்வில் அந்தப் பாசாங்கை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? முதுகில் விறைப்பூசி போட்டு, கையால் அழுத்தி, சீமெந்துப் போத்தலைத் திறந்து அதன் மணத்தை அறையில் பரவ விட்டார்கள். சீமெந்து மட்டும் உள்ளே போகவில்லை.

ஒரு மாதத்தின் பின் இரண்டு பக்கமும் நோ குறைந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவாக.

முறிவு தானாக ஆறும் வேகம், விறைப்பூசியின் பலன், கவனித்தார்கள் என்ற நம்பிக்கை, இவையெல்லாம் சேர்ந்து செய்ததைத்தான் அதுவரை சீமெந்தின் பெயரில் எழுதி வந்தோம் என்று தெரிந்தது. 2010இல் அமெரிக்க என்பு சத்திரசிகிச்சை வைத்தியர்களின் அகடமி, நரம்புப் பாதிப்பு இல்லாத இப்படியான முறிவுக்கு வெர்டிபுரோபிளாஸ்ரி வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னது. அவுஸ்திரேலியா 2011இல் அரச காசு கொடுப்பதை நிறுத்தியது. வெர்டிபுரோபிளாஸ்ரி எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது.

அப்ப பலூன் முறையும் விழுந்திரிக்க வேணுமே?

அது அந்தளவு விழவில்லை. பலூனுக்கு எதிராகப் போலிச் சிகிச்சை வைத்த பெரிய ஆய்வு அப்போது நடக்காததால், "எங்களைச் சொல்லவில்லை" என்று ஒதுங்க இடம் கிடைத்தது. அதே 2009இல் வந்த 300 பேர் ஆய்வு பலூனுக்குச் சார்பாக இருந்தது. ஆனால் அதில் யாருக்கு எது செய்தார்கள் என்று நோயாளிகளுக்கே தெரியும். நோவை அளக்கும் ஆய்வில் அது சின்ன ஓட்டை இல்லை.

காசும் ஒரு பக்கம் இழுத்தது. 2007இல் பலூனைச் செய்த நிறுவனத்தை ஒரு பெரிய மருத்துவக் கருவி நிறுவனம் ஏறத்தாழ 390 கோடி டொலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அடுத்த வருஷம், வெளிநோயாளியாகச் செய்து அனுப்பக்கூடிய நோயாளிகளை இரவு தங்க வைத்து மெடிகெயரிடம் கூடுதல் பில் போட வைத்தியசாலைகளைத் தூண்டியது என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க, அந்தப் பலூன் பிரிவு அமெரிக்க அரசுக்கு 7.5 கோடி டொலர் கட்டியது. 2015 முடியும்போது இதே விடயத்தில் 130க்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் மொத்தம் சுமார் 10.5 கோடி டொலர் கட்டித் தீர்த்திருந்தன. பின்னர் அங்கே கட்டண முறை மாறியதும், வைத்தியரின் சொந்த அலுவலகத்திலேயே பலூன் முறை செய்வது கூடியது. எங்கே கட்டணம் நன்றாக வருகிறதோ அங்கே சிகிச்சை போய்க் குந்துகிறது. நோயாளியின் என்பு இடம் மாறவில்லை.

இதை எங்கட ஊரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனியார் சனலிங் மேசையில் நாங்கள் கேட்கும் "அமெரிக்காவில இதுதான் செய்யிறாங்க" என்ற பேச்சு உண்மைதான். ஏன் செய்கிறார்கள் என்பதும் தெரிந்தால் நல்லது.

அப்ப இது வேலை செய்யாத ஒண்டா? முழுக்கப் பொய்யா?

அப்படியும் சொல்ல மாட்டேன். சிட்னியில் 120 பேரை வைத்து வேறு மாதிரிப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. முறிந்து ஆறு கிழமைக்குள், நோவுக்குப் பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ புள்ளி சொன்னவர்கள் மட்டும். இரண்டு கிழமையில் நோ பத்துக்கு நாலுக்குக் கீழே இறங்கியவர்கள் சீமெந்துப் பக்கம் 44 வீதம், போலிப் பக்கம் 21 வீதம். அது சின்ன வித்தியாசம் அல்ல. ஆனால் நெதர்லாந்தில் 180 பேரோடு நடந்து 2018இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் மறுபடியும் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு, பொருட்படுத்தத்தக்க பலன் இல்லை என்றது.

எந்தச் சிகிச்சையை அரச சேவையில் செய்யலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2013இல் நடுவழியாக ஒன்று சொன்னது: முறிவு புதிது, இன்னும் ஆறவில்லை, சரியான நோ மருந்து கொடுத்தும் கடும் நோ விடவில்லை, அந்த நோ அந்த முறிவால்தான் என்று பரிசோதித்தும் படம் பார்த்தும் உறுதி. இத்தனையும் சேர்ந்தால் செய்யலாம். அவுஸ்திரேலியாவும் 2020இல், புதிய முறிவோடு கடும் நோ உள்ளவர்களுக்கு மட்டும் அரச காசைத் திரும்பத் திறந்தது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு மூன்று கிழமை நல்ல மருந்து கொடுத்தும் படுக்கையில் புரளவே முடியாமல், வாட்டில் கிடந்து நெஞ்சுச்சளி கட்டத் தொடங்கும் வயோதிபருக்கு இதைப் பற்றிப் பேசுவது நியாயம். மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கிய ஆளுக்கு ஐந்தாம் நாளே அவசரம் என்று சொல்வது நியாயம் இல்லை. புற்றுநோய் தின்ற என்பு வேறு கணக்கு, அங்கே இந்த முறையின் இடமும் வேறு.

சீமெந்து வைச்சா ஆயுள் கூடுமாமே?

மெடிகெயர் பதிவுகளைப் பார்த்து அப்படி எழுதினார்கள். ஆனால் கொஞ்சம் திடகாத்திரமான ஆளைத்தான் மேசையில் ஏற்றுவார்கள், ஏலாத ஆளை ஏற்ற மாட்டார்கள். 2013இல் வந்த ஆய்வு அந்த வித்தியாசத்தைச் சமன் செய்து பார்த்தபோது ஆயுள் லாபம் காணாமல் போனது.

ஆபத்து இருக்கா?

சீமெந்து என்புக்கு வெளியே கசிவது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் தீங்கில்லை. அரிதாக அது நரம்புக் குழாய்ப் பக்கம் போனால் கால் பாதிக்கும், இரத்தத்தோடு நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று செய்பவரிடம் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

எங்கட பக்கம் செலவு எதால கூடுது?

இந்தச் சாமான் எதுவும் இங்கே செய்வதில்லை. சீமெந்து, ஊசி, பலூன் எல்லாம் டொலருக்கு வருகின்றன. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. கடையில் பால்மாவுக்கு நடந்ததுதான் ஒப்பரேஷன் தியேட்டரிலும் நடந்தது. பிறகு ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தாலும் பழைய விலை திரும்பவில்லை.

தனியாரில் சொல்லும் ஒற்றைத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். சாமான் விலை தனி, வைத்தியர் கட்டணம் தனி, மயக்க வைத்தியர் தனி, தியேட்டர் தனி, இரவு தங்குவது தனி. ஒரு என்புக்கா இரண்டு என்புக்கா? இரண்டு என்றால் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டிக்கும். படத்தில் வெள்ளையாய்த் தெரியாத பழைய முறிவையும் "அதையும் சேர்த்து" என்றால் சம்மதிக்காதீர்கள். பலூன் வேண்டுமா என்றும் கேளுங்கள். பலூனில்லாத முறையில் அதே அளவு நோ குறையும் என்றால் அந்த மேலதிகக் காசு எதற்கு?

மறைந்திருக்கும் செலவும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். முறிந்த நாரியோடு வானில் ஏழெட்டு மணித்தியாலம், கூடப் போகிற ரெண்டு பேரின் சாப்பாடு, தங்குமிடம், வயலில் நின்றுபோன வேலை. திருக்கோவிலில் இருந்து போன ஒரு குடும்பம் சிகிச்சைக்குக் கட்டியதில் பாதியளவை வழியிலேயே செலவழித்தது.

அரசாங்க வைத்தியசாலையில இலவசம்தானே?

ஆம். படுக்கை, வைத்தியர், எக்ஸ்ரே, மருந்து எல்லாவற்றுக்கும் காசு இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்ட பொது வைத்தியசாலை, கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகள், களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று என்று உங்களுக்குக் கிட்ட இருக்கும் இடத்தில் துண்டு வாங்கி என்பு முறிவுக் கிளினிக்குக்குப் போவதுதான் முதல் படி. அங்கே ஒரு வைத்திய நிபுணர் படத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு தனியாரைப் பற்றி யோசியுங்கள். வழி தலைகீழானால் செலவும் தலைகீழாகும்.

சில நேரம் விசேட சாமானை வெளியில் வாங்கி வரச் சொல்வார்கள். அப்போது ஜனாதிபதி நிதியத்தைக் கேளுங்கள். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. காசு கட்ட முன்பே போய், இந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டா, என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அரச உத்தியோகத்தர் இருந்தால் அக்ரஹார காப்புறுதியையும் பாருங்கள்.

சென்னைக்குக் கொண்டு போகலாமா?

ஆளைக் கொண்டுபோக முன் படத்தை அனுப்புங்கள். எம்.ஆர்.ஐ சீடியை இரண்டு இடத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கினால் போதும். முறிந்து மூன்று மாதம் கடந்து, படத்தில் வெள்ளை இல்லாமல் இருப்பவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

முறிவு நெரிவு வைத்தியரிட்ட புக்கை கட்டலாமா?

கைகால் முறிவில் அவர்களின் கை திறமானது, நான் மதிக்கிறேன். முள்ளந்தண்டு வேறு. எண்ணெய் பூசி மெல்லிய ஒத்தணம் பிடித்தால் ஆறுதல் உண்டு. முதுகை உருவுவது, மிதிப்பது, இழுத்து நெட்டி முறிப்பது கூடவே கூடாது. உக்கிய என்பை உள்ளே தள்ளி நரம்பை நசித்தால் சீமெந்தாலும் மீட்க முடியாது.

சீமெந்து இல்லாட்டி மறுகா என்ன செய்யிற?

பெரும்பாலான முறிவுகளின் நோ ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் தணியும். என் அம்மாவுக்கு ஒன்பது கிழமை. முதல் சில நாள் ஓய்வு, அதற்கு மேல் படுக்கை வேண்டாம். படுக்கையே மிச்ச என்பையும் தின்னும், நெஞ்சில் சளி கட்டும், புண் வரும். பரசிற்றமோலை நேரந்தவறாமல் முழு அளவில் கொடுங்கள், "தாங்க ஏலாட்டிக் குடிப்பம்" என்று காத்திருக்க வேண்டாம். டைக்ளோபெனக் போன்றவற்றைப் பாமசியில் கேட்டு வாங்கிக் கிழமைக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகலாம். தெஹியத்தகண்டிப் பக்கம் சிறுநீரக நோய் எப்படி வீடு வீடாய் நுழைந்தது என்று அம்பாறை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடும் நோவுக்கு வைத்தியர் தரும் ட்ரமடோல் மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் நாரி மேலும் நோகும். பப்பாசி, கீரை, தண்ணீர் எல்லாம் முதல் நாளிலிருந்தே கொடுங்கள். பெல்ற் சிலருக்கு ஆறுதல் தரும். நோ தணிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஒரு என்பு ஆறிட்டு. அதோட முடிஞ்சுதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதத் தொடங்கினேன்.

அம்மாவின் நோ ஒன்பதாம் கிழமை தணிந்தது. சீமெந்துக் காசு மிச்சம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். கிளினிக்கால் விட்டார்கள். உக்கிய என்புக்கு மருந்து எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. தாதியான நானே கேட்கவில்லை. பதினொரு மாதம் கழித்துக் கிணற்றடியில் வாளி தூக்கும்போது மேலே இருந்த அடுத்த முள்ளென்பும் நசிந்தது. அம்மா இப்போது உயரம் குறைந்து நிற்கிறா. முந்தி என் காதளவு இருந்தா.

ஒரு முள்ளென்பு முறிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் அடுத்தது முறியும் என்று 2001இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சீமெந்து வைத்தது அந்த ஒரு என்பைத்தான். மற்ற என்புகள் உக்கியபடியேதான் இருக்கும். பல இலட்சம் கட்டிச் சீமெந்து வைத்துவிட்டு, கிழமைக்கு ஒரு குளிசை எழுதாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆட்களைக் கண்டிருக்கிறேன். அது கூரையில் ஒரு ஓட்டை அடைத்து, உக்கிய வளைகளை அப்படியே விடுவது.

அந்தக் குளிசை அலண்ட்ரோனேற் 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று. விடிய எழும்பி வெறுவயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேணும். தேத்தண்ணியோடு குடித்தால் மருந்து உடம்பில் சேராது. உடனே படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். இது ஏலாதவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் நாளத்தில் ஏற்றும் சோலெட்ரோனிக் அசிட் 5 மில்லிகிராம். 2007இல் வந்த பெரிய ஆய்வில் மூன்று வருஷத்தில் முள்ளென்பு முறிவை அது 70 வீதம் குறைத்தது. சீமெந்துக்கு இப்படி ஒரு கணக்கு எங்கும் இல்லை. ஏற்ற முன் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம். விற்றமின் டி, கல்சியம் சரியாக இருக்க வேணும். வெற்றிலை போட்டுப் பழுதான பல் இருந்தால் அதைப் பிடுங்கி ஆறிய பிறகு ஏற்றுங்கள். முதல் தரம் ஏற்றிய பின் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் போல இருக்கும், பயப்பட வேண்டாம்.

என்பு அடர்த்தி ஸ்கான் எடுக்க வசதி இல்லை என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விழாமல் முள்ளென்பு முறிந்ததே போதுமான சாட்சி.

சாப்பாட்டால சரிவருமா?

மருந்துக்குப் பதிலாக வராது, மருந்தோடு சேர்ந்து உதவும். எருமைத் தயிர், முள்ளோடு தின்னும் நெத்தலி, எள்ளு, முருங்கையிலை எல்லாம் எங்கள் சந்தையிலேயே இருக்கின்றன. காலை வெயிலில் கொஞ்சம் நில்லுங்கள்.

கூட்டுறது, தேங்காய் துருவுறது, தொழுகை?

முன்னால் குனிவதுதான் எதிரி. விளக்குமாற்றுக்கு நீளத் தடி போடுங்கள். திருவலையை நிலத்திலிருந்து மேசைக்கு ஏற்றுங்கள். சாய்ந்தமருதில் ஒரு உம்மா, சுஜூதை விட மனமில்லாமல் நோவோடு குனிந்து குனிந்து அழுதா. கதிரையில் இருந்து தொழலாம் என்று மௌலவியே வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் கேட்டா.

தென்னையால விழுந்த பெடியனுக்கும் இதே கதையா?

இல்லை. நல்ல என்பு பலத்த அடியில் சிதறுவது வேறு. அங்கே ஆணியும் கம்பியும் வைத்துப் பொருத்தும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம், நேரமும் முக்கியம். விழுந்த ஆளை இருத்தி எழுப்பாமல், தலை, முதுகு, இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க ஒரு பலகையில் ஏற்றி அனுப்புங்கள்.

முறிஞ்ச ஆளைக் கட்டிலால எப்பிடி எழுப்புற?

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முழங்காலை மடிக்கச் சொல்லி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப, மரக்கட்டை உருள்வது போல முழு உடம்பையும் பக்கவாட்டில் திருப்புங்கள். இரண்டு காலையும் கட்டில் ஓரத்தால் கீழே இறக்குங்கள். கால் இறங்கும் பாரமே மேலுடம்பைத் தூக்கும், அவர் கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி எழும்பட்டும். இருந்த நிலையில் ஒரு நிமிஷம் மூச்சு எடுக்க விட்டுப் பிறகு நிற்க வையுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் கட்டில் காலுக்குக் கீழே கல் வைத்து முழங்கால் உயரத்துக்கு ஏற்றுங்கள். அம்மாவின் கட்டிலுக்கு நாலு சீமெந்துக் கல் வைத்திருக்கிறோம்.